கொக்கி போட்டு இழுக்கும் ஊர்!

நரசாபூர் ஸ்டேஷனில் ரயில் நின்றால் நின்றதுதான். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. 'தூக்கத்துல ஸ்டேஷனை விட்டுட்டேன் ஸார்' என்று இங்கே யாரும் புலம்ப முடியாது. எவ்வளவு குறட்டை விட்டாலும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள்.

ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டம். கோதாவரியின் கிளைகளில் ஒன்றான வசிஷ்டா கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால், அதன் மேற்குக் கரையில் உட்கார்ந்திருக்கிற ஊர் இது. ரயில்வே போர்டில் நரசாபூர். பேச்சில் நரசாபுரம். சென்னையிலிருந்து 550 கிலோமீட்டருக்கு மேல். விஜயவாடா, பீமவரம், பாலகொல்லு என்று தாண்டி வரவேண்டும்.

'சரி, அங்கே என்ன இருக்கு? மலையா, அருவியா, பீச்சா?'

மலை இல்லை. அருவி இல்லை. கடல் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. இந்த ஊரை உலக வரைபடத்தில் ஏற்றியது ஒரு ஊசி. முனையில் குட்டியாகக் கொக்கி வைத்த ஊசி. பால்பாயின்ட் ரீஃபிலைவிட ஒல்லி.

குரோஷா!

'அட, எங்க அத்தை பின்னுவாங்களே, அதுவா?' என்று கேட்பீர்கள். அதேதான். அத்தை பின்னியது பொழுதுபோக்கு. இந்த ஊரில் அதுதான் பிழைப்பு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம், சென்னைக்கும் நரசாபூருக்கும் இருக்கிற தூரத்தைவிட அதிகம்.

டி.வி. மேல் இருந்த துணி

ஒரு காலத்தில் நம் வீடுகளில் எது வாங்கினாலும் அதன் தலையில் ஒரு குரோஷா துணி ஏறிவிடும். ரேடியோவுக்கு ஒன்று, டி.வி.க்கு ஒன்று, ஃபிரிட்ஜுக்கு ஒன்று, தண்ணீர் ஜாடிக்கு ஓரத்தில் மணி கோத்த ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் வரும்போது, 'இதெல்லாம் எங்க பொண்ணு போட்டதுதான்' என்று காட்டுவதற்காகவே பல துணிகள் பீரோவில் காத்திருந்தன. மாப்பிள்ளை அதைப் பார்த்து என்ன சொல்வதென்று தெரியாமல் பஜ்ஜியைக் கடிப்பார்.

அப்புறம் டி.வி. ஒல்லியாகிச் சுவரில் ஏறிக்கொண்டது. துணியை எங்கே போடுவது? ஃபிரிட்ஜ் ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டது. அதன் தலையில் போட்டால் யாருக்குத் தெரியும்? 'அவ்வளவுதான், குரோஷாவின் கதை முடிந்தது' என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

முடியவில்லை. 2020-ல் கொரோனா எல்லோரையும் வீட்டுக்குள் உட்கார வைத்தபோது, உலகம் முழுக்க நிறையப் பேர் கொக்கி ஊசியைக் கையில் எடுத்தார்கள். ஊரடங்கு முடிந்தும் ஊசியைக் கீழே வைக்கவில்லை. இன்று உங்கள் ஆபீஸிலேயே மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பையிலிருந்து நூல்கண்டை எடுக்கிற ஒருவர் இருக்கலாம். என்ன பின்னுகிறார் என்று எட்டிப் பாருங்கள். டி.வி. துணியாக இருக்காது.

ஆக்டோபஸாக இருக்கலாம். ஜப்பான்காரர்கள் இந்த மாதிரி பொம்மைக்கு 'அமிகுருமி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உருண்டையாகப் பின்னி, உள்ளே பஞ்சை அடைத்து, இரண்டு கண் வைத்தால் ஆயிற்று. டென்மார்க்கில் 2013-ல் சிலர் குறைமாதக் குழந்தைகளுக்காக இந்த ஆக்டோபஸ்களைப் பின்னிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதன் கால்களைப் பிடித்துக்கொண்டால் தொப்புள்கொடியைப் பிடித்த மாதிரி இருக்கும், குழந்தை மருத்துவக் குழாய்களைப் பிடித்து இழுக்காது என்பது யோசனை.

'பாட்டிச் சதுரம்' பின்னுகிறவர்களும் உண்டு. சின்னச் சின்னச் சதுரங்களாகப் பின்னி, கடைசியில் ஒன்றாக இணைத்துப் பையாகவோ, மேல்சட்டையாகவோ, போர்வையாகவோ ஆக்குவது. வாடாத சூரியகாந்திப் பூங்கொத்து பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள். 'தட்பவெப்பப் போர்வை' என்று இன்னொன்று. தினமும் ஒரு வரிசை. குளிர் நாளுக்கு நீலம், மிதமான நாளுக்குப் பச்சை, வெயிலுக்குச் சிவப்பு. வருஷக் கடைசியில் 365 வரிசையில் அந்த வருஷமே போர்வையாகிவிடும். லண்டனில் பின்னினால் வானவில் மாதிரி வரும். சென்னையில் பின்னினால் கட்சிக்கொடி மாதிரி ஒரே சிவப்பாக வரும்.

கணக்கு வாத்தியார்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். 'ஹைபர்பாலிக் தளம்' என்று ஒரு சமாசாரம். ஓரம் போகப்போக விரிந்து, சுருள்சுருளாக மடங்கிக்கொள்கிற பரப்பு. லெட்டூஸ் இலை மாதிரி. காகிதத்தில் செய்து காட்டினால் கிழிந்துபோகும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா தைமினா என்ற கணித ஆசிரியை 1997-ல் அதைக் குரோஷாவில் பின்னி மாணவர்கள் கையில் கொடுத்துவிட்டார்.

சென்னையும் சும்மா இருக்கவில்லை. 2016 ஜனவரி 31-ஆம் தேதி 'மதர் இந்தியாஸ் குரோஷே க்வீன்ஸ்' என்ற குழுவினர் உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வையை இங்கே விரித்து கின்னஸில் ஏறினார்கள். பரப்பு 11,148.5 சதுர மீட்டர். நம் பாஷையில் சொன்னால் ஏறக்குறைய 50 கிரவுண்ட்! புறநகரில் அரை கிரவுண்டுக்கு லோன் போட்டுவிட்டு ஆயுசு முழுக்க இ.எம்.ஐ. கட்டுகிறவர்கள் நாம். அவர்கள் 50 கிரவுண்டைக் கையாலேயே பின்னிப் போட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் ஆசைக்குப் பின்னுவது. பிடித்தால் பின்னலாம். அலுத்தால் பையில் போட்டுவிட்டு சினிமாவுக்குப் போகலாம். பாதியில் நிற்கிற ஸ்வெட்டரை யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

யாரோ ஒருவர் வந்து கேட்கிற பின்னல் எப்படி இருக்கும்? அதைப் பார்க்கத்தான் நரசாபூர்.

பாதித் தெலுங்கு சினிமா இந்தப் பாதையில்!

விஜயவாடா தாண்டியதும் ஜன்னல் ஸீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். நெல், கால்வாய், தென்னை. மறுபடி நெல், கால்வாய், தென்னை. நடுநடுவே சதுரம் சதுரமாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். ஏரி என்று நினைக்காதீர்கள். இறால், மீன் வளர்க்கிற குட்டைகள். பீமவரம் பக்கத்தில் இதுதான் பெரிய தொழில். சங்கராந்தி சமயத்தில் போனால் சேவல் சண்டைக்காகவே கூட்டம் வரும். கோர்ட் தடை ஒரு பக்கம், சேவல் ஒரு பக்கம். பெரும்பாலும் சேவல்தான் ஜெயிக்கிறது.

அடுத்து பாலகொல்லு. ஆந்திராவின் பஞ்சாராமத் தலங்களில் ஒன்றான க்ஷீரராமலிங்கேஸ்வரர் கோயில் இங்கேதான். கோயில் ஒரு பக்கம் இருக்கட்டும். தெலுங்குப் படவுலகின் நகைச்சுவை மன்னர் அல்லு ராமலிங்கையா, டைரக்டர் தாசரி நாராயண ராவ் எல்லாம் இந்த ஊர்க்காரர்கள். நரசாபூருக்குப் பக்கத்தில் மொகல்தூர். அங்கே பிறந்து, நரசாபூர் காலேஜில் பி.காம். படித்த பையன் ஒருவன் நடிக்கிறேன் என்று சென்னைக்கு ரயில் ஏறினான். பெயர் சிரஞ்சீவி. பி.காம். முடித்த எல்லோரும் அக்கவுண்ட்ஸ் செக்ஷனில்தான் உட்காரவேண்டும் என்று கட்டாயமில்லை என்பதற்கு இது ஒரு ஆறுதல்.

நரசாபூர் துணிக்குப் புதுசு இல்லை. 17-ஆம் நூற்றாண்டிலேயே பாலகொல்லுவில் டச்சுக்காரர்களும், நரசாபூரை ஒட்டிய மாதவாயபாலத்தில் ஆங்கிலேயக் கம்பெனியும் கிடங்கு போட்டுத் துணி வாங்கினார்கள். அந்தக் கிராமத்தின் பெயரை வெள்ளைக்காரர்களால் உச்சரிக்க முடியவில்லை. 'மடபொல்லம்' என்று ஆக்கிவிட்டார்கள். இன்றைக்கும் ஒருவகை மெல்லிய பருத்தித் துணிக்கு உலகச் சந்தையில் அதுதான் பெயர். ஊரின் பெயர் துணியாகி, கப்பலேறிப் போயிருக்கிறது.

குரோஷா வந்தது அதற்கு வெகு காலம் கழித்து.

பஞ்சம் கற்றுக் கொடுத்த பின்னல்

1844 வாக்கில் கோதாவரிப் பக்கம் வந்த மெக்ரே என்ற ஸ்காட்லாந்து மிஷனரி தம்பதி, சில ஏழைப் பெண்களுக்கு இந்தப் பின்னலைக் கற்றுக் கொடுத்ததாக இங்கே சொல்கிறார்கள். நிலம் இல்லை, கூலி இல்லை. கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்பது நோக்கம். பின்னியதை வெளிநாட்டிலிருந்த தெரிந்தவர்களுக்கு அனுப்பி விற்றார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கிட்டத்தட்ட அதே சமயத்தில் அயர்லாந்திலும் இதே கதை நடந்துகொண்டிருந்தது. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம். கன்னியாஸ்திரீகள் அங்கே ஏழைக் குடும்பங்களுக்குக் குரோஷா சொல்லிக் கொடுத்தார்கள். ஐரிஷ் குரோஷா லேஸ் லண்டன், பாரிஸ் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டியாகிப் பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. ஆக, நாம் 'பொழுதுபோகாதவர்கள் செய்கிற வேலை' என்று நினைக்கிற சமாசாரம், உலகின் இரண்டு மூலைகளில் பசிக்கு மருந்தாகத்தான் பரவியிருக்கிறது.

கோதாவரிக் கரையில் அது அப்படியே பரவியது. முதலில் ஏழைக் கிறிஸ்தவப் பெண்கள். அப்புறம் விவசாயக் குடும்பங்கள். அங்கேதான் சிக்கல். வயலில் இறங்கிக் கூலி வேலை செய்தால் கௌரவக் குறைச்சல். வீட்டுக்குள் உட்கார்ந்து பின்னினால் கௌரவம். 'எங்க வீட்டுப் பொம்பளைங்க வேலைக்கெல்லாம் போறதில்லை' என்று ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்க, உள்ளே அந்தப் பெண்கள் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போகவேண்டிய மேஜை விரிப்பைப் பின்னிக்கொண்டிருப்பார்கள்.

1970-களின் கடைசியில் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் இங்கே வந்து தங்கி, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார். 1982-ல் அது நரசாபூர் லேஸ் பெண்களைப் பற்றிய புத்தகமாக வந்து உலகப் புகழ் பெற்றது. அவர் கண்டுபிடித்த கணக்கு தூக்கிவாரிப் போடுகிற ரகம். சமையல், தண்ணீர், குழந்தை, மாடு எல்லாவற்றுக்கும் நடுவே தினம் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் பின்னியும், அன்றைக்குக் கிடைத்த கூலி முழுசாக ஒரு ரூபாய்கூட இல்லை. அன்றைய விவசாயக் கூலியைவிடக் குறைவு.

எப்படி இவ்வளவு குறைவாகக் கொடுக்க முடிந்தது? யாரும் ஏமாற்றுகிற மாதிரி தெரியவேண்டியதே இல்லை. ஒரே ஒரு வார்த்தை போதும். 'சும்மா'! 'அவங்க வீட்ல சும்மாதானே இருக்காங்க. சும்மா இருக்கிற நேரத்துல பின்னுறாங்க.' சும்மா இருக்கிறவர்களுக்கு எதற்குச் சம்பளம்? கொடுப்பதே கைச்செலவுக்குத்தானே! உழைப்பைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டால் கூலியையும் பொழுதுபோக்காகவே கொடுத்துவிடலாம். பெரிய பெரிய மேனேஜ்மென்ட் படிப்பெல்லாம் படித்தவர்களுக்கும் தோன்றாத தந்திரம் இது.

சேத்தி பனி, அதுக்கு பனி

இன்றைக்கும் நரசாபூரைச் சுற்றிய கிராமங்களில் மத்தியானச் சமையல் முடிந்த நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். வாசல் நிழலில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். இடது கை ஆள்காட்டி விரலில் நூல் சுற்றியிருக்கும். வலது கையில் ஊசி. வாய் ஊர்க்கதை பேசும். கண் தெருவைப் பார்க்கும். ஊசி மட்டும் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஒரு கண்ணிக்குள் கொக்கியை விட்டு நூலை இழுத்தால் அடுத்த கண்ணி. அதற்குள் விட்டு இழுத்தால் அதற்கடுத்தது. குரோஷா என்பது அவ்வளவுதான். ஆயிரம் தடவை செய்தால் பூ. லட்சம் தடவை செய்தால் மேஜை விரிப்பு.

வேலையிலும் பிரிவு உண்டு. பூவையும் வட்டத்தையும் தனித்தனியாகப் பின்னுவது 'சேத்தி பனி', அதாவது கைவேலை. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து முழு விரிப்பாக்குவது 'அதுக்கு பனி', ஒட்டு வேலை. பூ போடுகிற பெண்ணுக்கு முழு விரிப்பு எப்படி இருக்கும் என்றே தெரியாமல் போகலாம். ஒரு வீட்டில் பூ, இன்னொரு வீட்டில் இணைப்பு, டவுனில் சலவை, இஸ்திரி, பெட்டி. நூலைக் கொண்டுவந்து கொடுத்து, பின்னியதை வாங்கிப் போக நடுவில் ஏஜென்டுகள். சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது, அங்கே என்ன விலை என்பது ஏஜென்டுக்கு மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியும். வாசல் நிழல் வரைக்கும் அந்தத் தகவல் வந்து சேராது. பின்னுவது முழுக்கப் பெண்கள். விற்றது பெரும்பாலும் ஆண்கள்.

இதை மாற்றத்தான் ஊருக்கு வெளியே சீதாராமபுரத்தில் லேஸ் பார்க் வந்தது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து பயிற்சி பெறவும், புது டிசைன் போடவும், தாங்களே நேரடியாக ஆர்டர் எடுக்கவும் வழி செய்கிற இடம். 2024-ல் நரசாபூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. நம்ம ஊர் காஞ்சிபுரம் பட்டு, திண்டுக்கல் பூட்டு வரிசையில் இதுவும் சேர்ந்தாயிற்று. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. கைக்கு வரவேண்டியதுதான் இன்னும் சரியாக வரவில்லை. புதுத் தலைமுறைப் பெண்கள் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? நாமும் அதைத்தானே செய்தோம்.

மெஷினால் முடியாத வேலை

இங்கேதான் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. துணி நெய்ய மெஷின் வந்துவிட்டது. ஸ்வெட்டர் பின்ன மெஷின் வந்துவிட்டது. எம்பிராய்டரிக்கு மெஷின் வந்துவிட்டது. ஆனால் அசல் குரோஷாவைத் தொழிற்சாலையில் பின்னித் தள்ளுகிற மெஷின் இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. ஆராய்ச்சிக் கூடங்களில் முயற்சி நடக்கிறது, அவ்வளவே.

காரணம் எளிமையானது. ஸ்வெட்டர் பின்னலில் கண்ணிகள் எல்லாம் ரேஷன் க்யூ மாதிரி ஊசிமேல் வரிசையாக நிற்கும். மெஷின் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே போகும். குரோஷாவில் க்யூவே கிடையாது. உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி. அடுத்த குத்து எங்கே வேண்டுமானாலும் விழலாம். முன் வரிசையில், பக்கத்து ஓட்டையில், மூன்று வரிசைக்குக் கீழே, எங்கும். அந்த ஓட்டையைக் கண்ணும் விரலும் சேர்ந்துதான் தேடவேண்டும்.

கடையில் 'குரோஷா மாதிரி' தொங்குகிற மலிவுச் சரக்கில் பெரும்பாலானவை வேறு வகை மெஷின் லேஸ். கண்டுபிடிப்பது சுலபம். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். மெஷின் லேஸில் வெட்டுப்பட்ட நூல் நுனிகள் பிசிறாக நிற்கும். மயிரிழை நூல்கள் நெருக்கமாகத் தைத்த மாதிரி இருக்கும். அசல் குரோஷாவில் ஒரே நூல் கண்ணி கண்ணியாக ஓடுவது கண்ணுக்குத் தெரியும். ஓரம் சுத்தமாக இருக்கும். பூவுக்குப் பூ இம்மியளவு வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம்தான் கையெழுத்து.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. உலகத்தில் எந்தக் கடையில், எந்த விலையில், எந்தக் குரோஷாவை நீங்கள் பார்த்தாலும், அது யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் பின்னியது. விலை குறைவாக இருந்தால் மெஷின் வேகமாக ஓடியது என்று அர்த்தமில்லை. யாருக்கோ கூலி குறைந்தது என்று அர்த்தம்.

ஒரு சின்னக் கணக்கு

ஆபீஸ்காரர்களுக்குக் கணக்குப் போட்டுச் சொன்னால்தான் உறைக்கும். ஒரு மேஜை விரிப்புக்கு 150 பூ என்று வைத்துக்கொள்வோம். பூவுக்கு 20 நிமிஷம். மொத்தம் 50 மணி நேரம். இணைத்து ஓரம் கட்ட இன்னொரு 10 மணி. ஆக 60 மணி நேரம்.

இப்போது உங்கள் சம்பளத்துக்கு வாருங்கள். மாசம் 30,000 ரூபாய், 25 நாள், தினம் 8 மணி என்றால் மணிக்கு 150 ரூபாய். (அதில் டீ குடிக்கப் போகிற நேரமும், கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற நேரமும் அடக்கம். வாசல் நிழலில் அந்த வசதி கிடையாது. நூலளவுக்குத்தான் கூலி. ஊசி நின்றால் காசும் நிற்கும்.) உங்கள் ரேட்டில் அந்த விரிப்பைப் பின்னினால் கூலி மட்டும் 9,000 ரூபாய்.

அந்த விரிப்புக்குக் கடைக்காரர் 1,500 ரூபாய் சொன்னால் நாம் என்ன செய்வோம்?

'என்னங்க இது, வெறும் நூலுக்கு இவ்வளவா? ஓட்டைதானே அதிகமா இருக்கு! ஆயிரத்துக்குக் குடுங்க.'

வெற்றிகரமாக 500 ரூபாயைக் குறைத்துவிட்டு வெளியே வந்து மனைவியிடம் மீசையை முறுக்குவோம். அந்த ஆயிரத்தில் நூல் விலை, சலவை, கடை வாடகை, ஏஜென்ட் கமிஷன் எதையுமே கழிக்காமல் 60 மணி நேரத்துக்கு வகுத்துப் பாருங்கள். மணிக்குப் பதினேழு ரூபாய்கூட இல்லை. கழித்த பிறகு எவ்வளவு என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கால்குலேட்டர் தேவைப்படாது.

இதனால் குரோஷா வாங்கவே கூடாது என்று அர்த்தமில்லை. வாங்காவிட்டால் அந்த 17 ரூபாயும் போய்விடும். எப்படி வாங்குகிறோம் என்பதுதான் விஷயம். நரசாபூர் போனால் பெண்கள் குழுக்கள் தாங்களே விற்கிற இடத்தைக் கேட்டுப் போங்கள். 'இதை எத்தனை நாள் பின்னினீங்க?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தெலுங்கு தெரியாவிட்டால் விரலைக் காட்டிக் கேட்டாலும் புரியும். பதில் வந்த பிறகு பேரம் பேச வாய் வந்தால், நீங்கள் அபார தைரியசாலி.

போனால் இதையும் பாருங்கள்

குரோஷாவுக்காக மட்டும் ஒரு ஊருக்குப் போனேன் என்று சொன்னால் ரூம்மேட் சிரிப்பானே என்று கவலைப்படுகிறவர்களுக்காக: நரசாபூர் படகுத்துறையிலிருந்து வசிஷ்டாவைக் கடந்தால் சகினேட்டிப்பள்ளி. அங்கிருந்து அந்தர்வேதி. லக்ஷ்மி நரசிம்மர் கோயில். கோயிலைத் தாண்டிப் போனால் கோதாவரி கடலோடு கலக்கிற இடம். வெள்ளக் காலத்தில் படகு நிற்கும். விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போனால் வெயில் தலையைப் பிளக்காது. காலையில் பெசரட்டு கட்டாயம். வீட்டுக்கு வாங்கி வர கோதாவரிப் பக்கத்து 'பூதரேகுலு' இருக்கிறது. அரிசிக் கூழில் காகிதம் மாதிரி ஏடு எடுத்து, உள்ளே வெல்லமும் நெய்யும் வைத்துச் சுருட்டிய இனிப்பு. அதுவும் ஒரு நெசவுதான். சாப்பிடக்கூடிய நெசவு.

ஆண் பிள்ளைகள் ஊசியைத் தொடலாமா என்று தயங்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் டைவிங் தங்கம் வாங்கிய பிரிட்டன் வீரர் டாம் டேலி, மற்றவர்கள் குதிக்கும்போது காலரியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். வாங்கிய மெடலுக்குப் பையும் அவரே பின்னிக்கொண்டார். அவர் கையில் இருந்தது இரட்டை ஊசி. நமக்கு ஒற்றைக் கொக்கி போதும். ஊசியும் ஒரு நூல்கண்டும் சேர்த்து ஒரு சினிமா டிக்கெட் விலைகூட ஆகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரே ஒரு பூ பின்னிப் பாருங்கள். பொம்மை வேண்டாம், போர்வை வேண்டாம். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே ஒரு பூ. முதல் அரை மணியில் நூல் சிக்கும். ஒரு மணியில் கழுத்து வலிக்கும். இரண்டு மணியில் பூ மாதிரி ஏதோ ஒன்று வரும். வீட்டில் யாராவது எட்டிப் பார்த்து, 'என்ன, சும்மா உக்காந்திருக்கே?' என்பார்கள்.

சுள்ளென்று கோபம் வரும் பாருங்கள்... அந்தக் கோபத்துக்கு நரசாபூரில் ஏறக்குறைய 180 வயசு.